முதலாம் ஆண்டு உளவியல்: பரிசோதனையிலிருந்து தொடங்குங்கள்

விசுவமடுவிலிருந்து ஒரு தங்கச்சி கேட்ட கேள்விக்கான பதில் இது. உயர்தரத்தில் கலைப்பிரிவு செய்து, பல்கலைக்கழகத்தில் உளவியலை ஒரு பாடமாக எடுத்திருக்கிறார். போருக்குள் அகப்பட்ட குடும்பம். மனிதருக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் எடுத்தாராம். முதல் அரையாண்டு முடிவதற்குள் கொப்பி முழுக்க வெள்ளைக்காரரின் பெயர்களும் வரைவிலக்கணங்களும் நிறைந்துவிட்டன, ஒன்றும் மனதில் நிற்கவில்லை, புள்ளிவிபரவியல் என்றாலே பயமாக இருக்கிறது என்கிறார். எப்படிப் படிப்பது, இது எங்கள் சனத்துக்கு ஏதாவது உதவுமா, வேலைக்கு வழி உண்டா என்று மூன்று விஷயம் கேட்டிருக்கிறார். கிளிநொச்சியில் டிப்ளோமா வகுப்புகளுக்கு இந்தப் பாடத்தைப் படிப்பித்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

தங்கச்சி, உங்கள் ஞாபகசக்தியில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் படிக்கும் ஒழுங்கு சரியில்லை, அவ்வளவுதான். முதலில் வரைவிலக்கணம், பிறகு அறிஞரின் பெயர், பிறகு கோட்பாடு, நேரமிருந்தால் கடைசியில் பரிசோதனை என்று போகிறீர்கள். இதைத் தலைகீழாக்குங்கள். ஒவ்வொரு அலகிலும் முதலில் ஒரு பரிசோதனையைப் பிடியுங்கள். யாரை வைத்துச் செய்தார்கள், அவர்களை என்ன செய்யச் சொன்னார்கள், எதை அளந்தார்கள், என்ன கிடைத்தது என்று வீட்டில் தம்பிக்கோ அம்மாவுக்கோ கதையாகச் சொல்லக்கூடிய அளவுக்குப் படியுங்கள். கோட்பாடு அந்தக் கதையின் முடிவாகத் தானாக வந்து நிற்கும். பெயரும் அதோடு ஒட்டிக்கொள்ளும். 1879இல் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வூண்ட் ஓர் ஆய்வுகூடம் தொடங்கியதை எல்லாப் புத்தகமும் முதல் அத்தியாயத்தில் சொல்கிறது. அவருடைய கோட்பாடுகளை இன்று யாரும் பெரிதாகப் பின்பற்றுவதில்லை. மனதைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்காமல் அளந்து பார்க்கலாம் என்று காட்டினார், அதற்காகத்தான் அந்த இடம். "இது இவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்வியோடு வகுப்பில் இருங்கள். முதலாம் ஆண்டுக்கு அது ஒன்றே போதும்.

வன்னியில் எங்களில் பலருக்கு உளவியல் அறிமுகமானது உளவளத்துணை (கவுன்சிலிங்) வழியாகத்தான். 2009க்குப் பிறகு முகாம்களிலும் மீள்குடியேறிய ஊர்களிலும் நடந்த பயிற்சிகள், தொண்டு நிறுவனக்காரர், பாடசாலையில் ஓர் ஆலோசனை ஆசிரியர். ஆகவே உளவியல் படித்தால் துயரப்பட்டவரோடு எப்படிப் பேசுவதென்று முதல் நாளிலிருந்தே சொல்லித்தருவார்கள் என்று நினைத்து வருகிறார்கள். அறிமுகப் பாடத்தில் அது கடைசியில் வரும் ஒரு பகுதி. அதற்கு முதல் மூளையும் நரம்பும், புலக்காட்சி, கற்றல், ஞாபகம், அறிகை, விருத்தி, ஆளுமை, சமூக உளவியல் எல்லாம் தாண்ட வேண்டும். வீட்டில் "விசர் டொக்டருக்கோ படிக்கிறாய்?" என்று கேட்பார்கள். உளமருத்துவர் என்பவர் மருத்துவபீடத்தில் படித்து மருந்து எழுதுபவர், நீங்கள் படிப்பது வேறு என்று ஒரு தடவை சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அதை விளங்கப்படுத்திக்கொண்டே இருந்தால் மூன்று வருடமும் போய்விடும்.

சரி, சொன்ன முறையைக் கற்றல் அலகில் செய்து காட்டுகிறேன். பரீட்சையில் பிள்ளைகள் அதிகம் குழம்பும் இடம் அதுதான். வன்னியில் வளர்ந்தவருக்கு மிகச் சுலபமாக விளங்க வேண்டிய இடமும் அதுதான்.

இவான் பவ்லோவ் உளவியலாளர் இல்லை, சமிபாட்டை ஆராய்ந்த உடற்றொழிலியலாளர். 1904இல் நோபல் பரிசு கிடைத்ததும் அந்த ஆய்வுக்குத்தான். நாயின் உமிழ்நீரை அளந்துகொண்டிருந்தபோது, உணவு வாய்க்குள் போவதற்கு முன்பே, அதைக் கொண்டுவருபவரைக் கண்டதுமே நாய்க்கு உமிழ்நீர் சுரந்தது. அளவெடுப்பைக் குழப்பும் தொல்லை என்று அதை ஒதுக்காமல் அதையே ஆராயத் தொடங்கினார். இதைப் படித்துவிட்டு எங்கள் ஊருக்கு வாருங்கள். கிபிர்ப் போர்விமானம் வரும், குண்டு விழும். வெடிச்சத்தத்துக்கு உடல் அதிர யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. வெடி நிபந்தனைப்படாத தூண்டல், அதிர்ச்சி நிபந்தனைப்படாத துலங்கல். விமானத்தின் இரைச்சலோ தன்பாட்டில் ஒரு சத்தம் மட்டுமே. இரண்டும் திரும்பத் திரும்பச் சேர்ந்து வந்ததில், இரைச்சல் கேட்டதுமே நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. இரைச்சல் இப்போது நிபந்தனைப்பட்ட தூண்டல். "இது வண்டு (ஆளில்லா உளவு விமானம்), இது கிபிர்" என்று சின்னப் பிள்ளைகள்கூடச் சத்தத்தை வைத்துச் சொன்னார்களே, அது பிரித்தறிதல். சண்டை முடிந்த பிறகு கோயில் வாணவெடிக்கும் சாதாரண விமானத்துக்கும் அதே பயம் வந்தால் அது பொதுமைப்படுத்தல். குண்டு விழாமல் விமானம் மட்டும் பல காலம் பறந்து பறந்து பயம் குறைந்தால் அது அணைதல். குறைந்துவிட்டது என்று இருந்தவருக்கு ஒருநாள் திடீரென்று பழையபடி உடல் உதறினால் அதற்கும் பவ்லோவின் நாயிடம் பதில் இருக்கிறது: அணைந்த துலங்கல் சிறிது இடைவெளிக்குப் பிறகு தானாகத் திரும்பி வருவதை அவர் அப்போதே பதிந்து வைத்தார். அதாவது அணைதல் என்பது அழிந்துபோதல் இல்லை.

அடுத்த படி இன்னும் சுவையானது. விமானச் சத்தம் கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடுவது எந்த வகைக் கற்றல்? பலர் இதையும் பவ்லோவின் கணக்கில் எழுதிப் புள்ளியை இழப்பார்கள். பயம் வந்தது பவ்லோவின் வழியில். ஓடுவதோ, விளைவைப் பொறுத்து நடத்தை கூடும் குறையும் என்று காட்டிய ஸ்கின்னரின் பக்கம். குழிக்குள் இறங்கியதும் பயம் குறைகிறது. விரும்பத்தகாத ஒன்று விலகுவதால் ஒரு நடத்தை பலப்படுகிறது. இதற்குப் பெயர் எதிர்மறை மீளவலியுறுத்தல். தண்டனை என்று எழுதினால் பிழை, ஏனென்றால் தண்டனை நடத்தையைக் குறைக்கும், மீளவலியுறுத்தல் எந்த வகையானாலும் கூட்டும். இந்த இரண்டு படிகளையும் சேர்த்து 1947இல் மவுரர் என்பவர் விளக்கம் கொடுத்தார். பயம் ஏன் வருடக்கணக்கில் போகாமல் இருக்கிறது என்பதற்கும் அதில் விடை உண்டு: ஒவ்வொரு தடவையும் விலகி ஓடுபவருக்கு, ஓடாமல் நின்றாலும் இப்போது ஒன்றும் நடக்காது என்று தெரிந்துகொள்ளச் சந்தர்ப்பமே கிடைப்பதில்லை.

இதே அலகில் பழக்கப்படுதல் என்று ஒன்று வரும். அதற்கு யானை வெடியைவிட நல்ல உதாரணம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. வயலுக்குள் யானை இறங்கினால் வெடி போடுகிறோம். முதலில் பிளிறிக்கொண்டு ஓடும். நாள் போகப்போக வெடி வெடித்துக்கொண்டே இருக்கும், யானை நெல்லைத் தின்றுகொண்டே இருக்கும். சத்தத்துக்குப் பிறகு வேறு ஒன்றும் நடப்பதில்லை என்பதால் இயல்பான துலங்கல் குறைந்துபோகிறது. அணைதலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேள்வி வந்தால் யானையையும் விமானத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். யானைக்கு வெடிப் பயம் கற்றதல்ல, பிறவியிலேயே இருப்பது. மனிதருக்கு விமானப் பயம் கற்றது.

குழந்தை அல்பேட்டின் கதையையும் இந்த இடத்திலேயே முடித்துவிடுங்கள். 1920இல் வொட்சனும் ரேய்னரும் 11 மாதக் குழந்தை ஒன்றுக்கு வெள்ளெலியைக் காட்டும்போதெல்லாம் பின்னால் இரும்புக் கம்பியில் சுத்தியலால் அடித்து, எலிக்குப் பயப்பட வைத்தார்கள். பயத்தை நீக்காமலே குழந்தை போய்விட்டது. நான்கு வருடம் கழித்து மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண், முயலுக்குப் பயந்த பீற்றர் என்ற சிறுவனுக்குப் பிடித்த உணவைக் கொடுத்துக்கொண்டு முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டக் கொண்டுவந்து பயத்தைப் போக்கினார். அல்பேட்டைத் தெரிந்த மாணவர் எல்லோருக்கும் பீற்றரைத் தெரிவதில்லை. எனக்கு இதில் எப்போதும் ஒரு ஆதங்கம். பயத்தை உண்டாக்கிய பரிசோதனை புகழ்பெற்றுவிட்டது, போக்கியது அடிக்குறிப்பாகிவிட்டது. வன்னியில் எங்களுக்குத் தேவையானது இரண்டாவது.

கற்ற நிராதரவு நிலை என்ற பகுதியைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு படியுங்கள். 1967இல் செலிக்மனும் மையரும், தப்ப வழியில்லாமல் மின்னதிர்ச்சி வாங்கிய நாய்கள் பிறகு தப்ப வழி இருந்தும் சும்மா படுத்திருந்ததைக் காட்டினார்கள். எங்கள் மக்களைப் பற்றி எழுதும் அறிக்கைகளில் இதைச் சுலபமாக ஒட்டிவிடுவார்கள்: நிவாரணத்துக்குப் பழகிவிட்டார்கள், முயற்சி செய்வதை விட்டுவிட்டார்கள் என்று. இரண்டு காரணத்துக்காக நான் இதை ஏற்பதில்லை. ஒன்று, அதே இரண்டு ஆய்வாளரும் 2016இல் தங்கள் விளக்கத்தைத் தாங்களே மாற்றினார்கள். நீடித்த துன்பத்தில் செயலற்றுப் போவது கற்றது இல்லை, உடலின் இயல்பான துலங்கல். நிலைமை நம் கையில் இருக்கிறது என்பதைத்தான் உயிரினம் கற்றுக்கொள்கிறது என்றார்கள். இரண்டாவது, மன்னார்ப் பக்கத்திலிருந்து முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்து, போன போன இடமெல்லாம் கொட்டில் போட்டு, குழி வெட்டி, அடுப்பு மூட்டிய சனத்தை முயற்சியில்லாதவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பரீட்சையில் இந்த 2016 திருத்தத்தை ஒரு வரியில் எழுதினாலே விடை மற்றவற்றிலிருந்து தனித்துத் தெரியும்.

ஞாபகம் பற்றிய அலகு இரட்டை லாபம் தரும்: படிக்க வேண்டியதும் அங்கே இருக்கிறது, எப்படிப் படிப்பது என்பதும் அங்கே இருக்கிறது. ஹேர்மன் எபிங்கவுஸ் 1885இல் வெளியிட்ட ஆய்வில் பரிசோதனைக்கு உட்பட்டவர் ஒரே ஒருவர், அவரேதான். பொருளில்லாத அசைகளைப் பாடமாக்கி, பிறகு அதையே திரும்பப் பாடமாக்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று அளந்தார். 20 நிமிடம் கழித்து மிச்சம் சுமார் 58 சதவீதம், ஒரு நாளில் சுமார் 34, ஒரு மாதத்தில் 21. மறதி முதலில் வேகமாகவும் பிறகு ஆறுதலாகவும் நடக்கிறது. நீங்கள் விரிவுரை முடிந்து அன்றிரவே கொப்பியை ஒருதடவை திறந்தால் ஏன் பலன் அதிகம் என்பதற்கு இதுதான் காரணம்.

அதைவிட முக்கியமானது 2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கும் செய்தது. மாணவருக்குச் சிறு பத்திகள் கொடுத்தார்கள். ஒரு குழு நான்கு தடவையும் வாசித்தது. இன்னொரு குழு ஒரு தடவை வாசித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது வாசித்த குழுவே முன்னுக்கு நின்றது. ஒரு கிழமை கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதம். வேடிக்கை என்னவென்றால் நான்கு தடவை வாசித்தவர்கள்தான் தங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும் என்று நம்பினார்கள். பரீட்சைக்கு முதல் நாள் இரவு மஞ்சள் பேனாவால் கோடு போட்டு வாசித்துவிட்டு "எல்லாம் தெரியும்" என்று படுப்பவரின் நிலை இதுதான். ஆகவே கொப்பியை மூடுங்கள், வெற்றுத்தாளில் எழுதுங்கள், திறந்து சரிபாருங்கள். கடந்தகால வினாத்தாள்களைக் கடைசிக் கிழமைக்கு வைக்காமல் அலகு முடிய முடியச் செய்யுங்கள். அப்படியே, நான் கண்ணால் கற்பவள், நான் காதால் கற்பவள் என்று யாராவது வகுத்துச் சொன்னால் நம்ப வேண்டாம். அந்தப் பாணிக்கேற்பப் படிப்பித்தால் அதிகம் விளங்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று 2008இல் பஷ்லரும் கூட்டாளிகளும் எழுதிய மதிப்பாய்வு காட்டியது. ஆசிரியர் பயிற்சிகளில் இன்னும் அதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பது வேறு கதை.

அதே அலகில் எலிசபெத் லொவ்டஸ் வருவார். 1974இல் பாமரோடு சேர்ந்து, வாகன விபத்துப் படம் ஒன்றைக் காட்டிவிட்டு வேகம் எவ்வளவு என்று கேட்டார். "நொறுங்க மோதியபோது" என்று கேட்டால் சராசரி மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல், "தொட்டுக்கொண்டபோது" என்று கேட்டால் 31.8. இரண்டாம் பரிசோதனையில், ஒரு கிழமை கழித்து, உடைந்த கண்ணாடி கண்டீர்களா என்று கேட்டார். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை, ஆனாலும் "நொறுங்க" என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் கண்டதாகச் சொன்னார்கள். இதை வைத்துக்கொண்டு எங்கள் சனத்தின் சாட்சியங்களைப் பொய் என்று சொல்ல முடியாது. சிறு விபரம் மாறும் என்பது ஒன்று, நடந்தது நடக்கவில்லை என்பது வேறொன்று. ஆனால் நாளைக்கு நீங்கள் நேர்காணல் எடுக்கப் போனால் கேள்வியை எப்படி அமைப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. "ஆமி சுட்டபோது" என்று தொடங்காமல் "அன்று என்ன நடந்தது?" என்று கேட்கப் பழகுங்கள்.

இனிப் புள்ளிவிபரவியல். பயத்துக்குக் காரணம் கணிதம் இல்லை. முதலாம் ஆண்டில் வருவது உயர்தரக் கணிதத்தோடு ஒப்பிட்டால் சின்ன விஷயம். எதற்காகக் கணக்குப் பார்க்கிறோம் என்று சொல்லாமல் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுவதால் வரும் பயம் அது. ஐந்து வீடுகளை எடுங்கள். நான்கு வீட்டின் மாத வருமானம் 30,000 ரூபா, ஐந்தாவது வீட்டுக்குக் கனடாவிலிருந்து காசு வருவதால் 480,000. கூட்டலிடை 120,000. இடையம், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது, 30,000. "இந்த ஊர்ச்சனம் மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் உழைக்குது" என்று யாராவது அறிக்கை எழுதினால் கணக்குச் சரி, செய்தி பொய். பரம்பல் ஒருபக்கம் சரிந்திருக்கும்போது இடையத்தைப் பார்க்க வேண்டும் என்ற வரி இப்போது மனதில் நிற்கும். நியம விலகல் இந்த ஐந்து வீடுகளும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளித் தள்ளி நிற்கின்றன என்பதைச் சொல்லும், வேறு மாயம் ஒன்றும் அதில் இல்லை.

இரண்டு விஷயம் சேர்ந்து வருவது இணைபு, ஒன்று மற்றதை உண்டாக்குவது காரணம்; வித்தியாசத்தை இப்படிப் பாருங்கள். நூலகம் உள்ள பாடசாலைகளில் பெறுபேறு நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூலகத்தால்தான் பெறுபேறு வந்ததா? ஏ9 வீதியோரம் இருக்கும் பாடசாலைக்கு நூலகமும் கிடைக்கும், பேருந்தில் வந்துபோகும் ஆசிரியரும் கிடைப்பார். உள்ளே காட்டோரம் இருக்கும் பாடசாலைக்கு இரண்டும் கிடைக்காது. ஆசிரியர் வந்த வருடமே இடமாற்றம் கேட்பார். வீதிதான் இங்கே மூன்றாவது மாறி. காரணத்தை உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் பாடசாலைகளை எழுந்தமானமாக, அதாவது சீட்டுக் குலுக்குவதுபோலப் பிரித்து ஒரு பாதிக்கு மட்டும் நூலகம் கொடுத்துப் பார்க்க வேண்டும். பரிசோதனை என்ற முறைக்கு இருக்கும் பலமே அந்த எழுந்தமானப் பிரிப்பில்தான் இருக்கிறது.

அப்படியானால் போரின் பாதிப்பை எப்படி ஆராய்வது? யாரையும் எழுந்தமானமாகப் பிரித்து இடம்பெயரச் செய்ய முடியாதே. இந்த இடத்தில் யாழ்ப்பாணத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னியின் கூட்டு மனவடுவைப் பற்றி 2010இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையைத் தேடி வாசியுங்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அது பண்புசார் ஆய்வு. எத்தனை வீதம் பேருக்கு எந்த நோய் என்று எண்ணுவதைவிட, குடும்பமும் ஊரும் என்ற அமைப்பே உடைந்துபோகும்போது என்ன நடக்கிறது என்பதை நேர்காணல்களாலும் அவதானிப்பாலும் சொல்கிறது. இப்படியான ஆய்வு எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்று நீங்களே ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். ஆய்வுமுறைப் பாடத்தில் பாதி அதில் முடிந்துவிடும்.

வீட்டிலேயே ஒரு பரிசோதனை செய்யவும் சொல்வேன். ஸ்ட்ரூப் 1935இல் செய்ததை எடுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்ற சொற்களை வேறு நிற மையால் தாளில் எழுதுங்கள். சிவப்பு என்ற சொல் பச்சை மையில் இருக்க வேண்டும். இன்னொரு தாளில் வெறும் நிறப் புள்ளிகள். மையின் நிறத்தை மட்டும் வேகமாகச் சொல்லச் சொல்லி, கைத்தொலைபேசியில் நேரம் எடுங்கள். பத்துப் பேரிடம் செய்தால் சாராமாறி (நாம் மாற்றுவது), சார்ந்த மாறி (நாம் அளப்பது), கூட்டலிடை, நியம விலகல் எல்லாம் உங்கள் கையாலேயே வந்துவிடும். எழுத்துத் தெரியாத சின்னவரிடமும் செய்து பாருங்கள், என்ன நடக்கிறது, ஏன் என்று யோசியுங்கள்.

வெள்ளைக்காரரின் பெயர்கள் என்று சலித்துக்கொண்டீர்கள். அந்தச் சலிப்பில் நியாயம் இருக்கிறது, அதை விடைத்தாளில் புள்ளியாக மாற்றலாம். 2010இல் ஹென்றிக், ஹைன், நொரென்சயன் மூவரும், உளவியல் ஆய்வுகளில் பெரும்பான்மையானவை மேற்கு நாட்டு, அதிலும் பல்கலைக்கழக மாணவர்களை வைத்துச் செய்யப்பட்டவை என்றும், உலகத்தின் மற்ற மனிதரோடு ஒப்பிட்டால் அவர்கள்தான் பல விஷயங்களில் விதிவிலக்கு என்றும் காட்டினார்கள். 2015இல் பல நாட்டு ஆய்வாளர் சேர்ந்து 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்தபோது, மூல ஆய்வுகளில் 97 சதவீதம் கண்டதாகச் சொன்ன விளைவு 36 சதவீதத்தில்தான் மறுபடி தெளிவாகக் கிடைத்தது. மாணவரைக் காவலராகவும் கைதிகளாகவும் நடிக்க வைத்து, சிறைச்சாலைப் பரிசோதனை என்று புகழ்பெற்ற 1971 ஸ்டான்போர்ட் ஆய்வில் காவலருக்கு எப்படி நடக்க வேண்டுமென்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்ற விமர்சனமும் பிறகு ஆவணங்களோடு வந்தது. நோட்ஸில் இது இல்லாமல் இருக்கலாம், நீங்கள் எழுதுங்கள்.

எனக்கு மிகப் பிடித்தது பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் விற்கும் பிள்ளைகளை வைத்து 1985இல் வெளிவந்த ஆய்வு. ஐந்து பிள்ளைகள், 9 முதல் 15 வயது. தெருவில் வாடிக்கையாளர்போலப் போய்க் கேட்டால் 98 சதவீதம் சரியான விடை. அதே கணக்கை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தால் சுமார் 37 சதவீதம். தேங்காய் 35 என்றால் பத்துத் தேங்காய் எவ்வளவு என்றதற்கு ஒரு பையன் "மூன்று 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210" என்று கூட்டிக்கொண்டே போய் 350க்கு வந்தான். பள்ளியில் சொல்லிக்கொடுத்த, பத்தால் பெருக்கிப் பூச்சியம் போடும் வழி அவனுக்கு வரவில்லை. பிள்ளையின் சிந்தனை வயதோடு படிப்படியாக வளர்கிறது என்று சொன்ன பியாஜேயின் விருத்திப் படிகளைப் படிக்கும்போது இதையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பிறகு கிளிநொச்சிச் சந்தையில் அம்மாவோடு மரக்கறி விற்கும் பிள்ளையைப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்கு வகுப்பில் கணக்கு வராது என்று ஆசிரியர் சொல்வார். எந்த இடத்தில் அளந்தோம் என்பதும் அளவீட்டின் ஒரு பகுதி.

உளப்பிறழ்வுகள் பற்றிய அலகு உங்களைத் தனிப்பட்ட முறையில் தொடும், முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். அறிகுறிப் பட்டியலை வாசிக்கும்போது அதில் அப்பா இருப்பார், பக்கத்து வீட்டு மாமி இருப்பார், சில வேளை நீங்களும் இருப்பீர்கள். முதலாம் ஆண்டு மாணவர் எந்த நாட்டிலும் இப்படித்தான் உணர்கிறார்கள், எங்கள் ஊரில் அதற்குக் காரணமும் அதிகம். ஆனால் யாருக்கும் பெயர் சூட்ட வேண்டாம். நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோய் என்ற வகைப்பாடே 1980இல்தான் அமெரிக்க உளமருத்துவர்களின் நோய்க் கையேட்டுக்குள் வந்தது, பெரும்பாலும் வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்களை வைத்து. அவர்களுக்குப் போர் முடிந்து வீடு இருந்தது. எங்கள் சனத்துக்கு வீடுதான் போர்க்களம். ஆகவே அந்தப் பட்டியலுக்குள் அடங்காதவை நிறைய இருக்கும். நெஞ்சு பாரம், பெருமூச்சு, யோசனை என்று சொல்பவரிடம் புத்தகத்தின் வரிகளைத் தேடாமல் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

புத்தகத்திலிருந்து எடுத்து இங்கே நேராகப் பொருந்தும் ஒன்று என்றால் அது போலின் போஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் சொல்லும் தெளிவற்ற இழப்பு. வியட்நாம் போரில் காணாமல்போன சிப்பாய்களின் குடும்பங்களைப் பார்த்து 1970களில் அவர் உருவாக்கிய கருத்து. ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதபோது துயரம் தொடங்கவும் முடியாது, முடியவும் முடியாது. அது அந்த மனிதரின் பலவீனமில்லை, நிலைமையின் இயல்பு என்கிறார் அவர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்தில் இருக்கும் ஒரு தாயிடம் "ஏற்றுக்கொண்டு அந்தியேட்டியைச் செய்யுங்கோ அம்மா" என்று ஆலோசனை சொல்லப் போகிறவர் இதை ஒரு தடவை படித்துவிட்டுப் போகலாம்.

படிப்பு உங்களையே கலக்கினால், நித்திரை போனால், தனியே வைத்திருக்க வேண்டாம். மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகலாம், 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கும் அழைக்கலாம். உளவியல் படிக்கிற பிள்ளை அங்கே போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டத்தோடு மட்டும் யாரும் சிகிச்சை அளிக்கும் உளவியலாளர் ஆக முடியாது, அதற்கு முதுநிலைக் கற்கையும் மேற்பார்வையின் கீழ்ப் பயிற்சியும் வேண்டும். பட்டத்தோடு பாடசாலை ஆசிரியர், பிரதேச செயலகங்களில் உளவளத்துணை, சமூக சேவை, சிறுவர் பாதுகாப்பு சார்ந்த பதவிகள், தொண்டு நிறுவனங்களில் களவேலை போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். நிறுவனங்கள் ஆள் எடுக்கும்போது சான்றிதழைவிட, சரியாக ஒரு கேள்விக்கொத்து அமைக்கவும் அதன் தரவை அட்டவணைப்படுத்தவும் தெரிந்தவரைத்தான் தேடுகின்றன. புள்ளிவிபரவியலை வெறுக்க வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆங்கிலம் தடையாக இருக்கிறது என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். தமிழில் படித்து, தமிழில் எழுதிச் சித்தியடையலாம், ஆனால் மேலே போகப்போகத் தமிழ்ப் புத்தகம் குறையும். ஈழத்துத் தமிழ் நூல்களை "நூலகம்" என்ற பெயருள்ள இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆங்கிலத்துக்கு ஓப்பன்ஸ்டாக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிடும் உளவியல் அறிமுகப் புத்தகம் இருக்கிறது, காசு இல்லை, ஒருதடவை தரவிறக்கிவிட்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் திறக்கும். தமிழ் நோட்ஸில் ஒரு பரிசோதனையை முழுதாகப் படித்துவிட்டு அதே பரிசோதனையை அங்கே வாசியுங்கள். கதை ஏற்கெனவே தெரிந்திருப்பதால் தெரியாத சொல்லும் பாதி விளங்கிவிடும். முதலாம் அத்தியாயத்தில் தொடங்க வேண்டாம், அது வரலாறு, நித்திரை வரும். கற்றல் அத்தியாயத்தைத் திறவுங்கள், நாயும் எலியும் அங்கே இருக்கின்றன.